கடைசல் பிடித்தது போல: பிளெண்டரில் நிஜ மரச் சதுரங்கக் காய்கள் செய்ய முழு வழிகாட்டி

நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் அடித்த 2022ஆம் ஆண்டு சென்னைவாசிகளுக்கு மறந்திருக்காது. மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்த ஆண்டு. வேட்டி சட்டை போட்ட குதிரைத் தலைத் ‘தம்பி’ ஊரெல்லாம் கைகூப்பி நின்றான். அந்தச் சமயத்தில்தான் நானும் முதன்முதலாக ஒரு சதுரங்க செட்டை 3டியில் செய்தேன். வடிவம் சரியாகவே வந்தது. ஆனால் பார்த்தவர் யாரும் அதை மரம் என்று நம்பவில்லை. பிளாஸ்டிக் காயின் மேல் மர ஸ்டிக்கர் ஒட்டியது போலிருந்தது.

ஏன் என்று புரிய வெகுநாள் ஆயிற்று. வீட்டில் இருக்கும் பழைய செட்டின் யானையை ஒருநாள் காலை ஜன்னலோரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு கட்டையைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, உளி பிடித்துக் குடைந்தெடுத்த பொருள். அதன் ரேகை மரத்துக்குள்ளேயே இருந்தது. உளி போன இடத்தில் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். நான் செய்ததோ நேரெதிர்: வடிவத்தை முதலில் செய்துவிட்டு, ரேகையை அதன்மேல் போர்த்தியிருந்தேன். அன்றிலிருந்து கடைசல்காரர் போகும் வரிசையிலேயே நானும் போகிறேன். இந்த வழிகாட்டியும் அதே வரிசைதான்.

தேவையானவை குறைவு. 3டி மென்பொருளான பிளெண்டர் 4.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு, அது இலவசம். அதிலேயே வரும் சைக்கிள்ஸ் ரெண்டர் எஞ்சின், வெளிச்சத்தைக் கணக்கிட்டு இறுதிப் படத்தைத் தருவது அதுதான். ஒரு வெர்னியர் காலிப்பர், பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நிஜ மரச் செட். உங்களிடம் இல்லாவிட்டால் நண்பரிடம் ஒரு வாரம் இரவல் கேளுங்கள். இணையப் படங்களை மட்டும் பார்த்துச் செய்தால், படம் எடுத்தவர் மறைத்ததெல்லாம் உங்களுக்கும் மறைந்தே போகும்.

முதலில் அளவெடுங்கள்

போட்டிகளில் நாம் பார்க்கும் காய்களின் வடிவத்துக்கு ஸ்டான்டன் என்று பெயர். 1849இல் லண்டனில் நதானியேல் குக் பதிவு செய்த வடிவமைப்பு அது. தயாரித்தது ஜாக்ஸ் நிறுவனம். அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரரான ஹோவர்டு ஸ்டான்டன் அதை முன்மொழிந்ததால் அவர் பெயர் நிலைத்துவிட்டது. குதிரையையும் ராஜாவின் சிலுவையையும் தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் கடைசலிலேயே முடிந்துவிடும். நமக்கும் அதனால் வேலை சுலபம்.

சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே பரிந்துரைக்கும் உயரங்கள்: ராஜா 95 மி.மீ., ராணி 85, மந்திரி 70, குதிரை 60, யானை 55, சிப்பாய் 50. அடிப்பாகத்தின் விட்டம் உயரத்தில் 40 முதல் 50 சதவீதம். கட்டத்தின் பக்கம் 50 முதல் 60 மி.மீ. சிப்பாயின் அடி விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது கட்டம் இருக்க வேண்டும், அதாவது ஒரு கட்டத்தில் நான்கு சிப்பாய்களை நிறுத்த முடிய வேண்டும். நான் கட்டத்தை 55 மி.மீ. என்றும், ராஜாவின் அடியை 40, சிப்பாயின் அடியை 25 என்றும் வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் செட் இந்த அளவுக்குப் பொருந்தாமல் போகலாம். அப்போது செட்டையே நம்புங்கள். கையிலிருக்கும் பொருளின் விகிதம்தான் கண்ணுக்கு உண்மையாகத் தெரியும்.

பிளெண்டரில் அலகு

சீன் ப்ராப்பர்டீஸில் யூனிட்ஸ் பகுதிக்குப் போய் நீளத்தை மில்லிமீட்டருக்கு மாற்றுங்கள். யூனிட் ஸ்கேல் 1 ஆகவே இருக்கட்டும். காயை நிஜ அளவிலேயே செய்யுங்கள். பார்க்க வசதி என்று ராஜாவை இரண்டு மீட்டர் உயரத்துக்குச் செய்துவிட்டால், பின்னால் கேமராவின் ஃபோகஸ், நிழலின் மென்மை, ரேகையின் நெருக்கம் மூன்றும் பொய்யாகிவிடும். சிறிய பொருளை அருகில் போய்ப் பார்க்கும்போது பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தால், வியூவிலும் கேமராவிலும் கிளிப் ஸ்டார்ட் மதிப்பை 1 மி.மீ. ஆக்குங்கள்.

சிப்பாயிலிருந்து தொடங்குங்கள்

ராஜாவிலிருந்து தொடங்க எல்லோருக்கும் ஆசை. சிப்பாயில் தொடங்குவதே நல்லது. எட்டுக்கு எட்டு, மொத்தம் பதினாறு சிப்பாய்கள் படத்தில் நிற்கப்போகின்றன. கடைசலின் எல்லா நெளிவும் அதில் சுருக்கமாக இருக்கிறது.

முன்பக்கப் பார்வைக்கு வந்து, இசட் அச்சுக்கு வலப்பக்கம் பாதி வெட்டுமுகத்தை பெசியர் கர்வாக (வளைகோடாக) வரையுங்கள். அச்சிலிருந்து தூரம், தரையிலிருந்து உயரம் என்று மி.மீ. கணக்கில் என் சிப்பாய் இப்படி: தரையிலிருந்து 4 உயரம் வரை தூரம் 12.5, நேராக நிற்கும் அடிவளையம். 7 உயரத்தில் தூரம் 11க்கு வளைந்து உள்வாங்குகிறது. 10இல் ஒரு சின்னப் படி, தூரம் 9.5. அங்கிருந்து உள்குழிந்த வளைவாக ஏறி 30 உயரத்தில் 4.5 ஆகச் சுருங்குகிறது. 33 உயரத்தில் கழுத்துப் பட்டை, தூரம் 8.5, தடிமன் 2.5. 36இல் கழுத்து மறுபடி 4. அதன்மேல் 42.5 உயரத்தை மையமாகக் கொண்டு 7.5 ஆரமுள்ள உருண்டைத் தலை. உச்சி சரியாக 50இல் அச்சைத் தொட வேண்டும்.

கர்வை மெஷ்ஷாக, அதாவது புள்ளிகளை இணைத்த வலையாக மாற்றி, ஆப்ஜெக்டின் ஆரிஜின் (மையப்புள்ளி) அச்சின் மேலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வெட்டுமுகத்தை அச்சைச் சுற்றிச் சுழற்றும் ஸ்க்ரூ மாடிஃபையர்: அச்சு இசட், கோணம் 360, ஸ்க்ரூ 0, ஸ்டெப்ஸ் 96, மெர்ஜ் ஆன். இதுதான் நம் கடைசல் இயந்திரம். காய் கறுத்துத் தெரிந்தால் நார்மல் (பரப்பு பார்க்கும் திசை) உள்பக்கம் திரும்பியிருக்கிறது, மாடிஃபையரிலேயே ஃப்ளிப் இருக்கிறது.

இங்கே அவசரப்படாதீர்கள். வெட்டுமுகத்தின் கூரான முனை ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் ஷிஃப்ட் பி அழுத்தி 0.3 முதல் 0.5 மி.மீ. வரை மழுக்குங்கள். கடைசல்காரர் வடிவம் எடுத்ததும் சுழலும் காயின் மேல் உப்புத்தாள் பிடிக்கிறார். அதற்குப் பிறகு எந்த விளிம்பும் கத்தி முனையாக நிற்பதில்லை. அந்த மழுங்கிய விளிம்பில்தான் மெல்லிய வெளிச்சக் கோடு ஓடும். அந்தக் கோடு இல்லாத பொருளைக் கண் உடனே ‘கம்ப்யூட்டர்’ என்று சொல்லிவிடுகிறது. மழுக்கலின் அளவு எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கவும் கூடாது: கைபடும் தலைப்பக்கம் கூடுதலாக, அடிப்பக்கம் குறைவாக.

காயின் அடியில் ஒட்டியிருக்கும் பச்சைத் துணியை விட்டுவிடாதீர்கள். அடியைவிட ஆரத்தில் 1 மி.மீ. குறைவான, 1 மி.மீ. தடிமனுள்ள ஒரு வட்டம். அது வெளியே தெரியவே தெரியாது. ஆனால் காய்க்கும் பலகைக்கும் நடுவே மயிரிழை போல ஓர் இருட்டுக் கோடு விழும். காய் பலகையின் மேல் கனத்தோடு உட்கார்ந்திருக்கிறது என்று சொல்வது அந்தக் கோடுதான்.

மந்திரி, யானை, ராணி, ராஜா

நான்குக்கும் அடிப்பாகம் சிப்பாயின் வெட்டுமுகமேதான், உயர்த்தி அகட்டினால் போதும். மந்திரியின் தலையில் உள்ள சாய்வு வெட்டுக்கு 1.5 மி.மீ. தடிமனுள்ள பெட்டியைச் சாய்த்து வைத்து, ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றை வெட்டியெடுக்கும் பூலியனால் கழியுங்கள். யானை என்று நாம் அழைக்கும் காய் ஸ்டான்டன் செட்டில் கோட்டைக் கொத்தளமாக இருக்கும். அதன் மேல்குழியையும் வெட்டுமுகத்திலேயே வரைந்துவிட்டு, பற்களுக்கு மட்டும் பூலியன் போடுங்கள். அந்தப் பற்களை மரத்தில் ரம்பத்தால் அறுக்கிறார்கள். ஆகவே அவை ஒன்றுக்கொன்று அரைமில்லி மாறியே இருக்கட்டும். ராணியின் கிரீடத்துக்கு விளிம்பைச் சுற்றி உருண்டைகளை வைத்துக் கழிக்கலாம். ராஜாவின் சிலுவை தனித்துண்டு. பூலியன் போட்ட காய்களுக்கெல்லாம் கடைசியில் விளிம்பை மழுக்கும் பெவல் மாடிஃபையர், 0.3 மி.மீ., ஹார்டன் நார்மல்ஸ் ஆன்.

குதிரை

இதில் குறுக்கு வழி இல்லை. மரச் செட் வாங்குகிறவர்கள் முதலில் குதிரையைத்தான் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். மற்றவை கடைசலில் சட்டென்று வந்துவிடும். குதிரையை ஒருவர் உட்கார்ந்து உளியால் செதுக்கியாக வேண்டும். மரச் செட்டுக்குப் பேர்போன அமிர்தசரஸில் அதற்கென்றே கைதேர்ந்த செதுக்குக்காரர்கள் இருக்கிறார்கள்.

களிமண் போல வடிவத்தைச் செதுக்கும் ஸ்கல்ப்ட் மோடுக்குள் போவதற்கு முன் ஒரு மாலை மெரினாவுக்குப் போய்வாருங்கள். மணலில் சவாரிக்கு நிற்கும் குதிரைகளைப் பக்கவாட்டிலிருந்தும் நேர் முன்னாலிருந்தும் பாருங்கள். தாடை எலும்பு கன்னத்தில் வட்டமாகப் புடைத்து நிற்பதும், அங்கிருந்து மூக்கு வரை முகம் குறுகுவதும், கழுத்து காதுக்குப் பின்னால் மெலிந்து மார்புக்கு வரும்போது அகல்வதும் நேரில் பார்த்தால்தான் மனதில் தங்கும். அசையாத குதிரை வேண்டுமென்றால் தீவுத்திடல் பக்கம் தாமஸ் மன்றோ சிலை இருக்கிறது, அண்ணா மேம்பாலத்தடியில் குதிரையை அடக்கும் வீரன் சிலை இருக்கிறது. இரண்டையும் சுற்றி வந்து படமெடுத்துக்கொள்ளலாம்.

இனி செய்முறை. உங்கள் செட்டின் குதிரையைப் பக்கவாட்டில் படமெடுத்துப் பின்னணியில் வையுங்கள். அதன் வெளிக்கோட்டை வரைந்து 22 மி.மீ. தடிமனுக்கு இழுங்கள். மரத்தில் செதுக்குகிறவரும் பலகையில் வெளிக்கோட்டை அறுத்துக்கொண்டுதான் தொடங்குகிறார். பிறகு மெஷ்ஷைச் சீரான நெருக்கத்துக்குக் கொண்டுவரும் வாக்ஸல் ரீமெஷ் 0.5 மி.மீ., எக்ஸ் சிமெட்ரி ஆன். க்ளே ஸ்ட்ரிப்ஸால் தாடையையும் கழுத்துத் தசையையும் ஏற்றுங்கள், முகத்தை முன்னால் குறுக்குங்கள், க்ரீஸ் பிரஷ்ஷால் பிடரிமயிரை ஒவ்வொரு கோடாக இழுங்கள். ஸ்மூத் பிரஷ்ஷைக் குறைவாகத் தொடுங்கள். உளி சீவிய தட்டையான முகங்கள் அங்கங்கே மிஞ்ச வேண்டும். கடைசிச் சுற்றில் சிமெட்ரியை அணைத்துவிட்டு, ஒரு காதை அரைமில்லி குட்டையாக்குங்கள், ஒரு கண்ணைக் கொஞ்சம் ஆழமாக்குங்கள்.

பல செட்டுகளில் குதிரைத் தலையைத் தனியாகச் செதுக்கி, கடைசல் பிடித்த அடிப்பாகத்தில் ஒட்டுகிறார்கள். அங்கே தலையின் ரேகை ஒரு போக்கில் இருக்கும், அடியின் ரேகை வேறு போக்கில் இருக்கும். ஆகவே இரண்டையும் தனித்தனி ஆப்ஜெக்டாகவே வையுங்கள்.

மரம்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இதற்கு மட்டும் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

மரத்தின் படத்தை எடுத்து, யுவி போட்டு (பரப்பைத் தட்டையாக விரித்து) காயைச் சுற்றிப் போர்த்தக் கூடாது. உருண்டைத் தலையில் ரேகை இழுபடும், பின்பக்கம் தையல் தெரியும். வேண்டியது திடப்பொருளாகவே இருக்கும் டெக்ஸ்சர்: வெளியில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் கட்டைக்குள் எந்த இடத்தில் இருந்தது என்று கணக்கிட்டு நிறம் தருவது. 1985இல் கென் பெர்லின், டார்வின் பீச்சி இருவரும் தனித்தனியாக வெளியிட்ட யோசனை இது. பெர்லினின் நாய்ஸ், அதாவது கணக்கிட்டு உருவாக்கும் சீரற்ற கோலம், இன்றும் நம் நோட் எடிட்டரில் இருக்கிறது; நோட் என்னும் சிறு பெட்டிகளை இணைத்துப் பொருளின் தோற்றத்தை உருவாக்கும் இடம் அது.

டெக்ஸ்சர் கோஆர்டினேட் நோடில் ஆப்ஜெக்ட் வெளியீட்டை எடுத்து மேப்பிங் நோடுக்குக் கொடுங்கள். அதிலிருந்து வேவ் டெக்ஸ்சர், வகை ரிங்ஸ், திசை இசட். இவைதான் ஆண்டு வளையங்கள். இப்போது வளையங்களின் மையம் காயின் நடுவிலேயே இருக்கும். நிஜத்தில் மரத்தின் நடுக்குருத்து காயின் நடுவில் வராது, வந்தால் காய் வெடித்துவிடும். கட்டையை நடுவை விட்டுத் தள்ளித்தான் அறுப்பார்கள். ஆகவே மேப்பிங்கில் எக்ஸ் லொகேஷனை 50 மி.மீ. நகர்த்துங்கள், கோணத்தை இரண்டு மூன்று டிகிரி சாய்த்துவிடுங்கள். செய்த மறுகணம் பாருங்கள்: சிப்பாயின் உருண்டைத் தலையில் நிலவரைபடத்தின் சமஉயரக் கோடுகள் போல நீள்வட்டங்கள் தாமாக விரியும், இடுப்பில் ரேகை நெடுக்காக ஓடும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

ஓர் எச்சரிக்கை. நாம் நிஜ அளவில், மீட்டர் கணக்கில் இருக்கிறோம். வேவ் டெக்ஸ்சரின் ஸ்கேல் 5 என்று இருந்தால் ஒரு வளையத்தின் அகலம் 6 செ.மீ. வரும், அதாவது காயில் ஒன்றுமே தெரியாது. ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளிக்கு ஸ்கேல் 200க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த ஒரு எண் தெரியாமல், நோட் வேலை செய்யவில்லை என்று விட்டுவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். டிஸ்டார்ஷனைக் கொஞ்சம் ஏற்றினால் வளையங்கள் அலைபாயும்.

வளையம் மட்டும் இருந்தால் கார்ட்டூன் மரம். நார் வேண்டும். தனியாக ஒரு நாய்ஸ் டெக்ஸ்சர், ஸ்கேல் 2500. அதற்கு முன்னால் உள்ள மேப்பிங்கில் இசட் ஸ்கேல் 0.04. அரைமில்லிக்கும் குறைவான அகலமும் ஒரு செ.மீ. நீளமுமான நுண்கோடுகள் கிடைக்கும். வளையத்தைவிட நாரே கூடுதலாகத் தெரியட்டும். வெளிர் காய்களுக்குப் பயன்படும் பாக்ஸ்வுட் மிக நெருக்கமான மரம், அதன் வளையங்கள் கண்ணைக் குறுக்கிப் பார்த்தால்தான் தெரியும். கலர் ராம்பில் இரண்டு நிறங்களையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வையுங்கள். பழைய செட் என்றால் தேன் நிறம்: சிவப்பு 0.60, பச்சை 0.42, நீலம் 0.20 என்று தொடங்கிச் சரிசெய்துகொள்ளலாம்.

கறுப்புக் காய் நல்ல செட்டில் கருங்காலியாக இருக்கும். இப்போது மாலையாகப் பலர் கழுத்தில் போட்டிருக்கும் அதே கருங்காலிதான். பக்கத்தில் வாங்கி வெயிலில் பாருங்கள், வைரம் பாய்ந்த அந்தக் கறுப்புக்குள் பழுப்புக் கீற்று ஓடும். ஆகவே நிறத்தைச் சுழியத்துக்கு இறக்காதீர்கள். 0.03, 0.025, 0.02 என்ற அளவில் நிறுத்தி, நாருக்குக் கொஞ்சம் பழுப்பு கலந்துவிடுங்கள். எங்கள் வீட்டுச் செட்டின் கறுப்பு ராஜாவில் அடியிலிருந்து இடுப்பு வரை நெடுக்காக ஒரு வெடிப்பு இருக்கிறது. கருங்காலி காயும்போது வெடிக்கும் குணமுள்ளது. ஒரு காயில் மட்டும் அப்படி ஒரு வெடிப்பைச் செதுக்கினேன், மொத்தப் படமும் நம்பும்படி ஆகிவிட்டது.

எல்லாக் காய்க்கும் ஒரே ரேகை வந்தால் குட்டு உடைந்துவிடும். ஆப்ஜெக்ட் இன்ஃபோ நோடின் ரேண்டம் மதிப்பை எடுத்து மேப்பிங்கின் இசட் சுழற்சிக்கும் இசட் நகர்வுக்கும் கொடுங்கள், நாய்ஸை 4டி ஆக்கி டபிள்யூவிலும் கொடுங்கள். எட்டுச் சிப்பாயும் எட்டுக் கட்டையிலிருந்து வந்தது போல ஆகிவிடும்.

மெருகும் தேய்மானமும்

பரப்பில் வெளிச்சம் எப்படிப் படும் என்று தீர்மானிக்கும் ப்ரின்சிபிள்ட் பிஎஸ்டிஎஃப் நோட் ஒன்றே போதும். மரத்தின் ரஃப்னஸ் (சொரசொரப்பு) 0.4, ஐஓஆர் (ஒளிவிலகல் எண்) 1.5. மேலே மெருகுக்கு கோட் 0.5, அதன் ரஃப்னஸ் 0.12. இது தொடக்கம் மட்டுமே, ஏனென்றால் ரஃப்னஸ் எங்கும் ஒரே எண்ணாக இருப்பதுதான் பிளாஸ்டிக்கின் அடையாளம்.

ஒரு காயை நாம் எங்கே பிடிக்கிறோம்? தலையில். வருடக்கணக்காக விரல் பட்ட தலை வழவழப்பாகும், அடிப்பக்கம் மங்கிக் கிடக்கும். ஆகவே ஆப்ஜெக்ட் கோஆர்டினேட்டின் இசட் மதிப்பை வைத்து, மேலே போகப்போக ரஃப்னஸ் குறையும்படி செய்யுங்கள். அதன்மேல் பெரிய புள்ளிகளுடைய நாய்ஸ் ஒன்றைக் கலந்தால் விரல் எண்ணெய்ப் படலம் வந்துவிடும். விளிம்புத் தேய்மானத்துக்கு, கூரான இடங்களைக் கண்டுபிடித்துத் தரும் பாயிண்டினஸ் ஜியோமெட்ரி நோடில் இருக்கிறது. அது மெஷ்ஷின் நெருக்கத்தைப் பொறுத்து மாறும், காய்க்குக் காய் அளவைச் சரிபார்க்க வேண்டும்.

கடைசல் உளியின் தடம் காயைச் சுற்றி மிக மெல்லிய வளையங்களாக இருக்கும். வேவ் டெக்ஸ்சர், பேண்ட்ஸ், திசை இசட், ஸ்கேல் 1000. இடைவெளி சுமார் 0.3 மி.மீ. வரும். இதை மேடுபள்ளம் போலத் தோன்றச் செய்யும் பம்ப் நோடுக்குக் கொடுத்து டிஸ்டன்ஸை 0.01 மி.மீ.க்கு வையுங்கள். நாய்ஸால் அங்கங்கே அழித்துவிடுங்கள். நேராகப் பார்த்தால் தெரியக் கூடாது, வெளிச்சம் வழுக்கும் இடத்தில் மட்டும் லேசாக மினுங்க வேண்டும்.

பலகையும் அடுக்கும்

64 கட்டங்களையும் ஒரே மெஷ்ஷில் தனித்தனித் துண்டுகளாகச் செய்து, நடுவே 0.15 மி.மீ. இடைவெளி விடுங்கள். ஜியோமெட்ரி நோடின் ரேண்டம் பெர் ஐலண்ட் ஒவ்வொரு கட்டத்துக்கும் வேறு ரேகையும் சற்றே வேறு நிறமும் தரும்.

ஆடுகிறவரின் வலக்கை மூலையில் வெள்ளைக் கட்டம் வர வேண்டும். ராணி தன் நிறக் கட்டத்தில். இந்த ஊரில் படத்தைப் பார்க்கும் பத்துப் பேரில் யாராவது ஒருவர் செஸ் வகுப்புக்குப் போனவராக இருப்பார். விஸ்வநாதன் ஆனந்தும், 2024இல் 18 வயதில் உலக சாம்பியனான குகேஷும் வளர்ந்த ஊர் இது. மூலை தவறினால் மரம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. காய்களை அழகுக்காக இறைத்து வைக்காமல் உண்மையான ஒரு நிலையை வையுங்கள். எளிமையானது ஸ்பானிஷ் தொடக்கம்: இரு பக்கமும் ராஜாவின் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னேறி எதிரெதிரே நிற்கும், வெள்ளைக் குதிரை எஃப்3 கட்டத்தில், கறுப்புக் குதிரை சி6இல், வெள்ளை மந்திரி பி5இல். பலகையின் நடுவைச் சுழியமாக வைத்தால் எக்ஸ், ஒய் கணக்கில் வெள்ளைச் சிப்பாய் 27.5, −27.5 மி.மீ.; கறுப்புச் சிப்பாய் 27.5, 27.5, மந்திரி −137.5, 27.5.

நகலெடுக்க ஆல்ட் டி பயன்படுத்துங்கள். காய்கள் ஒரே மெஷ்ஷைப் பகிர்ந்துகொள்ளும், நினைவகம் மிச்சம். பிறகு ஒவ்வொரு காயையும் இசட் அச்சில் திருப்பி, நடுவிலிருந்து ஒன்றிரண்டு மில்லி நகர்த்துங்கள். ஏற்கெனவே ஆடிய காய்களைக் கொஞ்சம் அதிகமாக நகர்த்தலாம், ஆடாத சிப்பாய்கள் ஒழுங்காக நிற்கட்டும். குதிரைகள் பார்க்கும் திசை ஆளுக்கு ஆள் மாறும்: சிலர் எதிரியை நோக்கி வைப்பார்கள், சிலர் பக்கவாட்டில்.

வெளிச்சம்

ஸ்டூடியோ விளக்குகள் மூன்றை நிறுத்தும் பழக்கத்தை இதற்கு விட்டுவிடுங்கள். நம் வீட்டு ஜன்னல் போதும். கிழக்குப் பார்த்த ஜன்னலில் காலை எட்டு மணி வெயில் சாய்வாக வந்து, காய்களின் நிழலைப் பலகை மேல் நீளமாகப் போடும். சென்னையில் ஏப்ரல் கடைசியில் நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே வந்துவிடும். அந்த வெளிச்சத்தில் காய்களின் நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும், கடைசலின் நெளிவு எதுவும் தெரியாது.

பலகையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, இடப்பக்கம் சற்றுப் பின்னால், 1.2க்கு 0.9 மீட்டர் அளவில் ஏரியா லைட் ஒன்று. அதற்கு முன்னால் ஜன்னல் கம்பிகளை நிஜமான மெஷ்ஷாகவே நிறுத்துங்கள். நேர் வெயில் வேண்டுமானால் சன் லைட், கோணம் 0.53 டிகிரி, வானில் சூரியனின் விட்டம் அவ்வளவுதான். நிழல்களை நிரப்பப் பின்னணியில் ஓர் எச்டிஆர்ஐ (சுற்றுப்புற வெளிச்சத்தைப் பதிந்த படம்), வலு 0.2. பாலி ஹேவன் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

கருங்காலிக்குத் தனிக் கவனம் தேவை. அவ்வளவு கறுப்பான பொருளில் நாம் பார்ப்பதில் பெரும்பகுதி அதன் மெருகில் தெரியும் ஜன்னலின் பிம்பம்தான். கறுப்பு ராஜா இருட்டுக்குள் கரைந்துபோனால் விளக்கின் வலுவை ஏற்றாதீர்கள். கேமராவுக்குத் தெரியாத பக்கத்தில் ஒரு வெள்ளைச் சுவரை நிறுத்துங்கள். ராஜாவின் பக்கவாட்டில் நெடுக்க ஒரு மங்கிய வெள்ளிக் கோடு இறங்கும், வடிவம் முழுதும் எழுந்து நிற்கும்.

பலகையை எதன்மேல் வைக்கிறீர்கள் என்பதும் வெளிச்சம்தான். நான் பழைய வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரையைப் போட்டேன். அதன் சிவப்பு, வெளிர் காய்களின் கீழ்ப்பக்கத்தில் லேசாக ஏறியது. அப்படி ஏறும் நிறத்தை சைக்கிள்ஸ் தானே கணக்கிடும்.

கேமரா

லென்ஸ் 85 மி.மீ. நெருங்கிய காட்சிக்கு 60 செ.மீ. தூரம். எல்லோரும் செய்யும் பிழை, பின்னணி மங்க வேண்டும் என்று எஃப் எண்ணை (லென்ஸின் திறப்பைக் குறிக்கும் எண்) 2.8இல் வைப்பது. இந்தத் தூரத்தில் அப்போது தெளிவாகத் தெரியும் ஆழம் வெறும் 7 மி.மீ. ராஜாவின் அடி 40 மி.மீ. சிலுவை தெளிவாக இருக்கும், கழுத்துப் பட்டையின் முன்விளிம்பு மங்கிவிடும், படம் பொம்மையைப் பார்ப்பது போலாகிவிடும். எஃப் 8இல் 20 மி.மீ., எஃப் 16இல் சுமார் 40 மி.மீ. பொருள் படம் எடுக்கும் புகைப்படக்காரர்கள் 11, 16 என்று போவது இதனால்தான். நீங்களும் அங்கேயே இருங்கள். எதிரே உட்கார்ந்து ஆடுகிறவரின் கண்ணைவிடக் கொஞ்சம் தாழ்வாகக் கேமராவை வைத்தால் காய்களுக்குக் கம்பீரம் வரும்.

ரெண்டர்

சாம்பிள்ஸ் 1024, நாய்ஸ் த்ரெஷோல்ட் 0.01, படத்தின் புள்ளிகளைத் துடைக்கும் டீநாய்ஸர் ஓப்பன் இமேஜ் டீநாய்ஸ். டீநாய்ஸர் மரநாரையும் புள்ளி என்று நினைத்து வழித்துவிடும் ஆபத்து உண்டு. அதற்கு ஆல்பிடோ (பரப்பின் நிறம்), நார்மல் பாஸ்களைச் சேர்த்துக் கொடுங்கள், சாம்பிளை மிகவும் குறைக்காதீர்கள். கணக்கிட்ட வெளிச்சத்தைத் திரை நிறமாக மாற்றும் வியூ ட்ரான்ஸ்ஃபார்ம் ஏஜிஎக்ஸ். சப்பென்று இருந்தால் லுக்கில் மீடியம் ஹை கான்ட்ராஸ்ட். மே மாதத்து அறைச் சூட்டில் லேப்டாப் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பெரிய ரெண்டரை இரவுக்கு வையுங்கள். மூலத்தை, வெளிச்ச அளவுகளை முழுமையாக வைத்திருக்கும் ஓப்பன் ஈஎக்ஸ்ஆர் கோப்பாகச் சேமித்தால், வெளிச்சத்தை மறுபடி ரெண்டர் செய்யாமலே திருத்த முடியும்.

ரெண்டர் முடிந்ததும் நிஜ செட்டை அதே மாதிரி ஜன்னலோரம், அதே கோணத்தில், ஃபோனில் ஒரு படம் எடுத்து இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள். முதலில் நிழலின் ஓரத்தையும் இருட்டையும் ஒப்பிட்டு விளக்கைத் திருத்துங்கள். அடுத்து வெளிச்சக் கோடுகளின் அகலத்தைப் பார்த்து ரஃப்னஸையும் பெவலையும். அதற்குப் பிறகு ரேகையின் நெருக்கம். நிறத்தைக் கடைசியில் தொடுங்கள்; முதல் மூன்றும் சரியானால் அதில் மாற்ற வேண்டியது பெரும்பாலும் கொஞ்சமாகத்தான் இருக்கும்.